இல்லாத மாளிகைக்கு எண்ணெய் வண்ணம்

மாலை வெயில் சாய்ந்துவிட்டது. தூசுப் படலத்துக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகை. காரை உதிர்ந்த வளைவுகள், பாதி இருட்டில் மூழ்கிய தாழ்வாரம், கடைசித் தூணில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் ஒளி. இப்படியொரு எண்ணெய் வண்ண ஓவியத்தின் முன் நிற்பவர் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, 'இது எந்த ஊர்?' என்பதுதான். இப்போது சில ஓவியர்களிடம் இதற்குப் பதில் கிடையாது. அந்த மாளிகை எந்த ஊரிலும் இல்லை. கம்ப்யூட்டரிடம் பத்துச் சொற்களைக் கொடுத்து வாங்கிய படத்தைப் பார்த்து வரைந்தது அது.

2022இல் டால்-ஈ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஆகிய படம் வரையும் செயற்கை நுண்ணறிவுச் சாதனங்கள் அடுத்தடுத்துப் பொதுமக்கள் கைக்கு வந்தன. அது முதல் ஓவியர்களின் 'மாதிரிப் படம்' என்ற பழைய சமாச்சாரம் புதிய சிக்கலாகிவிட்டது. மாடலை உட்காரவைத்து வரைவது, நேரில் போய் ஸ்கெட்ச் போடுவது, போட்டோ எடுத்து வந்து வரைவது என்ற வரிசையில் நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. முதல் மூன்றுக்கும் ஏதோ ஒன்று எதிரில் இருந்தாக வேண்டும். நான்காவதற்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஹைதராபாத்தின் வடமேற்கே பாலாநகரில் ஓர் அறை எடுத்து வரைந்துகொண்டிருக்கும் ஓவியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பாலாநகர் நவாபுகளின் பேட்டை அல்ல. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலை, மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம், லேத் பட்டறைகள், 2021இல் திறந்த மேம்பாலம் இவைதான் அதன் அடையாளங்கள். ஓவியர் 'பழைய ஹைதராபாத் மாளிகை, அந்திநேரம், புழுதி' என்று தட்டினால் ஒரு நிமிடத்தில் நான்கு படங்கள் வந்து நிற்கும். நான்கும் பிரமாதமாக இருக்கும். நான்கையும் நம்ப முடியாது.

காரணம், அந்த இயந்திரம் வேலை செய்யும் விதம். கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு இருந்த விளக்கக் குறிப்புகளையும் காட்டி அதைப் பழக்கியிருக்கிறார்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கு அடிப்படையாக இருந்த லயான்-5பி என்ற தொகுப்பில் மட்டும் 585 கோடி படங்களின் விவரங்கள் உண்டு. படம் கேட்டால், ரேடியோ இரைச்சலைப் போல வெறும் புள்ளிகளின் குழப்பத்தில் தொடங்கும். கேட்ட சொற்களுக்கு இசைவான உருவம் வரும்வரை படிப்படியாக அந்த இரைச்சலைக் களையும். அதனிடம் எந்த மாளிகையின் வரைபடமும் இல்லை. 'மாளிகை' என்றால் படங்களில் பெரும்பாலும் எப்படி இருக்கும் என்ற வாடை மட்டுமே இருக்கிறது.

அதிகம் படமெடுக்கப்பட்ட இடங்கள் ஓரளவு சரியாக வரும். மற்றவை பொதுவான அச்சில் வார்க்கப்படும். 2023 அக்டோபரில் 'ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட்' என்ற பத்திரிகை மிட்ஜர்னியிடம் 3,000 படங்கள் வாங்கிச் சோதித்தது. 'இந்தியர்' என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் தாடி வைத்த முதியவரே வந்தார். மனிதருக்கு இந்தக் கதி என்றால் கட்டிடத்துக்குக் கேட்க வேண்டாம். ஹைதராபாத் என்று கேட்ட இடத்தில் முகலாய வளைவும் ராஜஸ்தான் மாடமும் ஐரோப்பியத் தூணும் ஒரே சுவரில் குடியிருந்தாலும் வியப்பதற்கில்லை.

ஆனால் எண்ணெய் வண்ண ஓவியரின் வேலை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. கிடைத்த படத்தை அப்படியே பெரிதாக்கிக் கான்வாஸில் நகல் எடுப்பவர் விரைவில் மாட்டிக்கொள்வார். ஒரு தூண் கீழே இரண்டாகவும் மேலே ஒன்றாகவும் இருக்கும். படிக்கட்டு சுவரில் போய் முட்டும். இடது பக்கத்துச் சன்னல்கள் ஒரு தொடுவானத்தை நோக்கிச் சரியும், வலது பக்கத்தவை வேறொன்றை நோக்கி. நிழல்களை நம்பினால் வானத்தில் இரண்டு சூரியன்கள் இருக்க வேண்டும். திரையில் கண் இவற்றைத் தாண்டிப் போய்விடும். நான்கடி அகலக் கான்வாஸில் தாண்ட முடியாது.

எனவே விவரம் தெரிந்த ஓவியர் முதலில் படத்தைக் கலைக்கிறார். நிறங்களை மறந்து, கறுப்பு, சாம்பல், வெளுப்பு என மூன்றே தொனிகளில் உள்ளங்கை அளவுக்குச் சின்னச் சின்னப் படங்கள் போட்டுப் பார்க்கிறார். எது வெளிச்சம், எது நிழல் என்பது அதில் தீர்மானமாகிவிடும். பிறகு ஸ்கேல் எடுத்துத் தொடுவானக் கோட்டை ஒரே இடத்தில் நிறுத்தி, சுவர்களின் கோடுகள் எல்லாம் அதன் மேல் சேரும் புள்ளிகளைக் குறிக்கிறார். வளைவுகளை எண்ணுகிறார். மேல்தளத்தின் எடையைத் தாங்க அடியில் சுவர் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு மேஸ்திரியின் வேலையை இங்கே ஓவியர் செய்கிறார். இதற்குக் கட்டிடம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு இயந்திரத்தின் தவறு எது என்றே தெரியாது.

அதன் பிறகுதான் வண்ணம். வெள்ளைக் கான்வாஸைப் பழுப்பு வண்ணத்தால் மெல்லியதாக மூடி, ஒளி விழும் இடங்களைத் துணியால் துடைத்தெடுப்பது ஒரு முறை. டர்பன்டைன் கலந்த மெல்லிய வண்ணம் அடியில், ஆளிவிதை எண்ணெய் கூடிய வண்ணம் மேலே. இந்த வரிசை மாறினால், கீழே மெதுவாக உலரும் பூச்சின் மேல் சீக்கிரம் உலர்ந்த பூச்சு பின்னாளில் வெடிப்பு விடும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால்தான் தடித்த பூச்சுகளுக்கு வார்னிஷ் பூச ஆறு மாதம், ஒரு வருடம் என்று காத்திருக்கிறார்கள். படம் ஒரு நிமிடத்தில் கிடைத்தாலும் ஓவியத்துக்கு அந்த அவசரம் கிடையாது.

இத்தகைய ஓவியங்களின் உயிர், கட்டிடத்துக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும் காற்றில் இருக்கிறது. தொலைவிலுள்ள சுவரின் இருட்டு வெளிறும், விளிம்பு மழுங்கும், நிறம் நீலத்துக்கு நகரும். காற்றின் நுண் துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதே காரணம். புழுதியும் புகையும் பனித்துளியும் அவற்றைவிடப் பெரியவை. அவை எல்லா நிறங்களையும் சிதறடித்து, வெளுத்த திரை ஒன்றைத் தொங்கவிடுகின்றன. 500 ஆண்டுகளுக்கு முன் லியனார்டோ டாவின்சி இதை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணமே கட்டிடங்கள்தான். ஒரு சுவருக்கு மேலே ஒரே உயரத்தில் தெரியும் பல கட்டிடங்களில் எது அருகில், எது தூரத்தில் என்று காட்ட வேண்டுமானால், ஐந்து மடங்கு தூரத்தில் இருப்பதை ஐந்து மடங்கு நீலமாக்கச் சொன்னார். ஓவியர் இதை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர் வண்ணத்தை இழுத்தும், கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சை மேலே மேலே ஏற்றியும் கொண்டுவருகிறார். எவ்வளவு வெளிற வேண்டும் என்பது பாலாநகரின் மாலைப் புழுதியைப் பார்த்த கண்ணுக்குத் தெரியும்.

இயந்திரத்தின் துணையோடு வரைவது ஓவியத்துக்கு இழுக்கு என்று சொல்பவர்கள் தாமஸ் டேனியலையும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமையும் நினைத்துப் பார்க்கலாம். 1786இல் கல்கத்தா வந்திறங்கிய இந்த ஆங்கிலேயர்கள் 1792இல் தமிழகத்திலும் சுற்றினார்கள். திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில், மதுரைத் திருமலை நாயக்கர் மஹால் எல்லாம் அவர்கள் படங்களில் உண்டு. கையில் 'கேமரா அப்ஸ்க்யூரா' இருந்தது. லென்ஸ் வைத்த இருட்டுப் பெட்டி அது. எதிரே உள்ள காட்சி அதற்குள் காகிதத்தின் மேல் விழும். பென்சிலால் தடம் பிடிக்க வேண்டியதுதான். 1794இல் இங்கிலாந்து திரும்பி, அந்தக் கோட்டுப் படங்களை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் எண்ணெய் வண்ண ஓவியங்கள் தீட்டினார்கள். 1795 முதல் 1808 வரை 'ஓரியன்டல் சீனரி' என்ற பெயரில் 144 அச்சுப் படங்களும் வெளியிட்டார்கள்.

அன்றைய ஆங்கிலேய ரசனையின் பூச்சு அவர்கள் படங்களில் உண்டு என்பது உண்மை. ஆனாலும் சரிபார்க்க முடியும். 1990களில் இத்தாலியப் புகைப்படக்காரர் ஆன்டோனியோ மார்டினெல்லி அதே இடங்களைத் தேடிப் போய், அதே கோணத்தில் நின்று போட்டோ எடுத்தார். 200 ஆண்டு இடைவெளியில் எது நின்றது, எது விழுந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. டேனியல்களின் பெட்டியும் ஒரு இயந்திரம்தான். ஆனால் அதை மதுரைக்குச் சுமந்துகொண்டு போக வேண்டியிருந்தது. செயற்கை நுண்ணறிவு தந்த மாளிகையைத் தேடிப் போக எந்த மார்டினெல்லியாலும் முடியாது.

இல்லாத கட்டிடத்தை வரைவதும் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அது தனி வகையாகவே இருந்தது. பெயர் 'கப்ரிச்சியோ'. வெனிஸ் ஓவியர் கனலெட்டோ, வேறு ஊரில் பல்லாடியோ கட்டிய கட்டிடங்களையும், அவர் வரைந்து கட்டப்படாமலே போன பாலம் ஒன்றையும் வெனிஸின் கால்வாய்க் கரையில் கொண்டுவந்து வைத்தார். யாரும் ஏமாறவில்லை. கப்ரிச்சியோ என்ற சொல்லே, இது கற்பனை என்று அறிவித்துவிட்டது. மேலும், எந்தக் கட்டிடத்தை எங்கிருந்து பெயர்த்து வருகிறோம் என்பது கனலெட்டோவுக்குத் தெரியும். இன்றைய இயந்திரத்துக்கு அது தெரியாது. அதை நம்பும் ஓவியருக்கும் தெரியாது.

ஹைதராபாத்தில் இது வெறும் ரசனைப் பிரச்சினையாக நின்றுவிடாது. ஆறாம் நிஜாம் மெஹபூப் அலி கான் காலத்தில் எழுந்த சைஃபாபாத் அரண்மனை, தலைமைச் செயலக வளாகத்தில் 'ஜி பிளாக்' என்ற பெயரோடு நின்றிருந்தது. 2020 ஜூலையில் பழைய செயலகத்தோடு அதுவும் இடிக்கப்பட்டது. இர்ரம் மன்ஸிலுக்கும் அதே விதி காத்திருந்தது. சட்டமன்றக் கட்டிடத்துக்காக அதை இடிக்கும் அரசின் முடிவை 2019 செப்டம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம் ரத்து செய்ததால் தப்பியது. மறைந்த கட்டிடத்துக்கு மிஞ்சுவது படங்கள் மட்டுமே. அந்தக் கால ஹைதராபாத்தை இன்று நம் கண்முன் நிறுத்துபவர் நிஜாமின் புகைப்படக்காரர் ராஜா தீன்தயாள். அவருடைய கண்ணாடித் தகடுகளுக்குப் பக்கத்தில், இயந்திரம் உத்தேசமாகச் சொன்ன 'பழைய ஹைதராபாத்' கான்வாஸ்களும் விளக்கம் ஏதுமில்லாமல் சேர்ந்துகொண்டே போனால், 50 வருடம் கழித்து எது ஊர், எது ஊகம் என்று யார் பிரித்துச் சொல்வது? எண்ணெய் வண்ணத்துக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. சட்டம் போட்டு மாட்டிய ஓவியத்தை ஜனங்கள் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்.

உழைப்பு யாருடையது என்ற கேள்விக்குச் சட்டம் ஓரளவு பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறது. 2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் ஜேசன் ஆலன் என்பவர் மிட்ஜர்னி உதவியோடு உருவாக்கிய படம், டிஜிட்டல் கலைப் பிரிவில் முதல் பரிசு வாங்கியது. சொற்களை 600 தடவைக்கு மேல் மாற்றிக் கொடுத்ததாக அவர் சொல்லியும், இயந்திரம் தந்த பகுதிக்கு உரிமை கோராத வரை பதிவு கிடையாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2023 செப்டம்பரில் கைவிரித்தது. மனிதர் செய்த பகுதிக்குத்தான் பாதுகாப்பு. கோடுகளைத் திருத்தி, பூச்சுப் பூச்சாகக் காத்திருந்து வரைந்த ஓவியருக்கு இந்தத் தர்க்கம் பாதகமானதல்ல. அவர் கைவேலை அவருடையதுதான். கட்டிடத்துக்கு மட்டும் அவர் சாட்சி சொல்ல முடியாது.

சாட்சி சொல்ல விரும்பினால் வழி பக்கத்திலேயே இருக்கிறது. பாலாநகர் மெட்ரோ நிலையத்தில் ஏறினால், வண்டி மாறாமலே இர்ரம் மன்ஸில் நிலையத்தில் இறங்கலாம். அதே தடத்தில் இன்னும் கொஞ்சம் போனால் உஸ்மானியா மருத்துவக் கல்லூரி நிலையம். அங்கிருந்து அருகில்தான், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்க்பேட்ரிக் கட்டிய பிரிட்டிஷ் ரெஸிடென்ஸி. அதன் கொரிந்தியத் தூண்களும், படிக்கட்டின் இரு பக்கமும் படுத்திருக்கும் சிங்கங்களும் எந்த மாலையில் எந்த நிறம் கொள்கின்றன என்று நின்று பார்த்துவிட்டு வரலாம். வந்த பிறகு இயந்திரத்திடம் கேட்டாலும் குற்றமில்லை. அது பொய் சொல்லும் இடம் அப்போது தெரியும்.

போக நேரமில்லாத ஓவியர் செய்யக்கூடியது இன்னும் சுலபம். கான்வாஸின் பின்புறம் பெயரும் தேதியும் எழுதும் இடத்தில், 'கட்டிடம் கற்பனை. மாதிரி, கம்ப்யூட்டர் தந்தது' என்று இன்னொரு வரி எழுதலாம். வாங்குபவருக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை. அவர் பேரனுக்கு அது உதவும்.