விடையும் வழியும்

கணிதம் கற்பிப்போரும் கற்போரும் விடைக்குக் கொடுக்கும் மதிப்பில் பாதியையேனும் வழிக்குக் கொடுப்பதில்லை. கடந்தகால வினாத்தாள்களை உருப்போட்டு உயர்தரப் பரீட்சையில் சிறந்த பெறுபேறு பெற்ற மாணவர், பல்கலைக்கழகத்தில் முன்பின் கண்டிராத ஒரு நிறுவலைக் கேட்டதும் திகைத்து நிற்கிறார். அறிவுக் குறைவால் வந்த திகைப்பன்று அது. அறிந்ததை எங்கே, எவ்வாறு எடுத்தாள்வது என்பதை ஒருவரும் சொல்லிக் கொடாமையால் வந்தது.

நமது தீவகத்திலிருந்தே ஓர் உதாரணம் காண்போம். நெடுந்தீவில் நேரான கரையொன்றின் உட்புறமாக இரண்டு வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு வீட்டிலிருந்து கரைக்குச் சென்று, ஒரு குடம் கடல்நீர் மொண்டுகொண்டு மற்ற வீட்டை அடைய வேண்டும். கரையில் எவ்விடத்தில் மொண்டால் நடை மிகக் குறையும்?

பல்கலைக்கழக மாணவர் உடனே வகையீட்டைத் தொடங்கி இரண்டு வர்க்கமூலங்களோடு மல்லாடுவார். விடை வரும், வியர்வையும் வரும். மற்ற வீடு கடலுக்குள், கரையிலிருந்து அதே தூரத்தில், நேர் எதிரே இருந்தால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கரையின் எவ்விடத்திலிருந்தும் அக்கற்பனை வீட்டுக்கும் உண்மை வீட்டுக்கும் தூரம் ஒன்றே. ஆகவே, முதல் வீட்டிலிருந்து கற்பனை வீட்டுக்கு ஒரு நேர்கோடு வரைந்தால், அது கரையை வெட்டும் இடமே விடை. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் கண்ணாடியில் ஒளி தெறிப்பதை விளக்கிய முறையும் இதுவே.

இத்தகைய கேள்விகளைக் கேட்கப் பழகலாம் என்பதே ஜோர்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூலின் சாரம். பிரசினத்தை விளங்கிக்கொள், வழியை வகு, அவ்வழியே செல், முடிந்தபின் திரும்பிப் பார் என்பன அவர் கூறிய நான்கு படிகள். நாம் அறவே கைவிட்டது நான்காவது படி. விடையின் கீழ் இரட்டைக் கோடிட்டதும் பேனாவை மூடிவிடுகிறோம். கரை ஒன்றன்றி இரண்டாயின் என்ன செய்வது என்று கேட்பதில்லை.

இப்படிகளையும் மாணவர் மனனம் செய்துவிடுவார்களே என்று சிலர் வினவலாம். நியாயமான ஐயமே. அமெரிக்க அறிஞர் அலன் ஷோன்ஃபெல்ட் 1985இல் எழுதிய நூலில் இதற்கு விடை உண்டு. வேண்டிய தேற்றங்களை அறிந்த மாணவரும், முதலில் தோன்றிய வழியையே பிடித்துக்கொண்டு இறுதிவரை ஓடித் தோற்பதை அவர் கண்டார். இப்பொழுது என்ன செய்கிறாய், ஏன் செய்கிறாய், அதனால் என்ன பயன் என்று தம் வகுப்பில் ஓயாது கேட்டார். காற்று மாறியதும் பாயை மாற்றும் தண்டையலின் விழிப்பு அது. உத்திகளின் பட்டியல் அவ்விழிப்பைத் தராது. கூடவிருந்து கேட்கும் ஆசிரியரே தருவார்.

மனனத்தை நான் பழிக்கவில்லை. எண்சுவடி கற்ற நம் முன்னோர் அதனால் பயன் பெற்றனர். ஆயினும் சுவடியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1865இல் காரைநகரில் பிறந்து யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்பித்த அலன் ஆபிரகாம், 1910இல் தோன்றிய ஹலியின் வால்வெள்ளியின் பாதையைக் கணித்தவர். அவ்வினாவுக்கு மாதிரி விடைத்தாள் எதுவும் இருந்ததில்லை.

நமது பல்கலைக்கழகங்களுக்கு நான் வேண்டுவது இரண்டு. வாரத்தில் ஒரு மணி நேரமாவது, விரிவுரையாளர் தாமும் முன்னர் தீர்த்திராத ஒரு கணக்கை மாணவர் முன் எடுத்துக்கொள்ளட்டும். தவறிய வழிகளும் கரும்பலகையில் கிடக்கட்டும். பரீட்சையில், முயன்று கைவிட்ட வழியைக் காரணத்தோடு எழுதியவருக்கும் புள்ளி கிடைக்கட்டும். மெருகிட்ட நிறுவலை மட்டுமே கண்ட மாணவர், கணிதம் பிறவி மேதைகளின் சொத்தென்று ஒதுங்கிவிடுவார். குறிகட்டுவானில் படகிறங்கிப் படிக்க வரும் பிள்ளையை அவ்வாறு ஒதுங்கவிடுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று.