எக்ஸ்ரே எடுப்பவருக்கு வரம்பு உண்டு, படுப்பவருக்கு?

எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவரின் சட்டையில் சின்னதாக ஒரு பேட்ஜ் தொங்கும். அவர் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது கணக்கு வைக்கும். 5 ஆண்டுகளில் 100 மில்லி சீவர்ட். எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உத்தரவு.

சரி, மேஜை மேல் படுத்திருக்கும் நோயாளிக்கு?

வரம்பே கிடையாது!

கேட்டால் பகீர் என்று இருக்கும். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. லாரி மோதி மண்டை உடைந்து வருபவரிடம், "உங்க கோட்டா முடிஞ்சு போச்சு, அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்ல முடியுமா? அதனால்தான் உலகம் முழுவதும் இதை டாக்டரின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். படம் தேவைதானா என்று அவர் யோசிக்க வேண்டும். தேவை என்றால், நோய் தெரிகிற அளவுக்கு மட்டும் கதிர் கொடுத்து எடுக்க வேண்டும்.

யோசிக்கிறார்களா? அங்கேதான் கோளாறு.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொன்றுக்குப் போகிறவர் கையில் பெரிய உறை இருக்கும். உள்ளே போன வாரம் எடுத்த சி.டி. ஸ்கேன் படம். அதை வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்காமல், "இது சரிப்படாது, நம்ம சென்டர்ல புதுசா எடுத்துட்டு வந்துடுங்க" என்கிறார்களே, இது என்ன வைத்தியம்?

நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு ஏறக்குறைய 0.1 மில்லி சீவர்ட். அதே நெஞ்சுக்கு சி.டி. எடுத்தால் சுமார் 7. கூட்டிப் பார்த்தால் 70 எக்ஸ்ரே! அவசியம் என்றால் அதற்கும் பயப்பட வேண்டாம். மண்ணிலும் வானத்திலும் இருந்தே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் எல்லோர் மேலும் படத்தான் செய்கிறது. (வயிற்றில் பசை தடவி எடுக்கும் ஸ்கேனிலும், எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்ரே கதிரே கிடையாது. அதற்கும் பயந்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்!) ஆனால் வீணாக மறுபடி எடுப்பது வேறு சங்கதி. அதிலும் குழந்தைகள் உடம்பு கதிரைத் தாங்குவது பெரியவர்களை விடக் குறைவு.

பழைய படம் தெளிவில்லாமல் இருக்கலாம். நோய் முற்றியிருக்கலாம். மறுப்பதற்கில்லை. அப்படியானால் புதுப் படம் ஏன் என்று சீட்டில் ஒரே ஒரு வரி எழுதித் தரட்டும். நோயாளியும் கூச்சப்படாமல், "பழசுல என்ன டாக்டர் குறை?" என்று கேட்கட்டும். பழைய படத்தில் காசு வராது என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால், அதை எழுத டாக்டருக்கு என்ன கஷ்டம்?