சைக்கிள் சீட்டில் ரணம்! சொல்ல வெட்கமா? ஒரு ஸ்பேனர் போதுமே!

சென்னையில் சைக்கிளுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. விடியற்காலை 5 மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். கூட்டம் கூட்டமாக மிதித்துக்கொண்டு போகிறார்கள்.

"சர்க்கரை இருக்கு, உடம்பை அசையுங்க" என்று டாக்டர் சொன்னதால் சைக்கிள் வாங்கியவர்கள் உண்டு. பெட்ரோல் விலைக்குப் பயந்து மிதிப்பவர்கள் உண்டு. வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வாலிபர்களும் உண்டு.

ஆனால் ஆசையாக வாங்கிய சைக்கிள்களில் பல, பத்தே நாளில் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேருகின்றன. அதன் மேல் ஈரத்துண்டு காய்கிறது!

"ஏன் ஓட்டலே?" என்று கேட்டால், "நேரம் இல்லே" என்று பதில் வரும். பலரிடம் உண்மைக் காரணம் வேறு. உட்காரும் இடத்தில் வலி. தொடை இடுக்கில் எரிச்சல். அதை வெளியே சொல்ல வெட்கம்!

"இதான் வினை, தம்பி!"

பெரம்பூர் பக்கம் ஒரு சைக்கிள் கடை. ஒரு வாலிபர் புதுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, மெத்துமெத்துன்னு ஒரு சீட்டு கவர் போட்டுக் குடுங்க. உட்கார முடியலே."

வயதான கடைக்காரர் கவரை எடுக்கவில்லை. "மொதல்ல ஏறி உட்காரு தம்பி" என்றார்.

வாலிபர் உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிந்து நின்றன.

"இதான் வினை. சீட்டை இவ்வளவு கீழே வெச்சா, உடம்பு பாரம் பூரா அதுமேலதானே எறங்கும்? கால் எப்படிப் பாரத்தைத் தாங்கும்?"

"மேலே ஏத்தினா கால் தரையில எட்டாதே, அண்ணே. பின்னாலேயே பஸ் உரசிக்கிட்டு வருதே!"

இந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. அந்த வாலிபரின் சீட்டைக் கீழே இறக்கியது அவர் கை அல்ல. ரோட்டைப் பற்றிய பயம்! நினைத்த நேரத்தில் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டும் என்ற பயம்.

குரங்கு பெடல் போட்டுப் பழகிய பழைய தலைமுறைக்குச் சீட்டு என்பது கடைசியாகக் கிடைத்த பதவி. இப்போது பழகுகிறவர்கள் முதல் நாளே சீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எப்படி உட்காருவது என்றுதான் யாரும் சொல்லிக்கொடுப்பது இல்லை.

சரியான உயரம் எது?

கணக்கு சுலபம். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, அதன் மேல் குதிகாலை வைக்க வேண்டும். அப்போது முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கி இருக்கும். அதுதான் அளவு.

ஓட்டும்போது இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினால் சீட்டு அதிக உயரம். அதுவும் தோலை உரசிப் புண்ணாக்கும். சீட்டுக் கம்பியில் ஒரு எல்லைக் கோடு போட்டிருப்பார்கள். அது வெளியே தெரிகிற அளவுக்கு ஏற்றவே கூடாது.

சீட்டு தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். மூக்கு மேலே தூக்கினால் மர்மப் பகுதி நசுங்கும். கீழே கவிழ்ந்தால் உடம்பு வழுக்கி, பாரம் கைக்குப் போகும்.

நிற்க வேண்டுமா? பிரேக் பிடித்து, சீட்டில் இருந்து முன்னால் இறங்கி, ஒரு காலை ஊன்றினால் போதும். தெருவில் அரை மணி நேரம் பழகினால் வந்துவிடும்.

பஞ்சு மெத்தை தீர்வா?

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது மெத்தை சீட்டுதான். ஆனால் அதிக மெத்து ஆபத்து. நாம் உட்காருவது இடுப்புக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில். சீட்டு அந்த இரண்டையும் தாங்க வேண்டும். மெத்தையில் எலும்பு புதைந்துவிட்டால், நடுவில் உள்ள மென்மையான சதை நசுங்குகிறது. நரம்பும் ரத்தக் குழாயும் அங்கேதான் இருக்கின்றன. மரத்துப்போவது அதனால்தான்.

பெரும்பாலான பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி அதிகம். ஆண்களுக்கான ஒடுக்கமான சீட்டையே அவர்களுக்கும் மாட்டி அனுப்புவது அநியாயம்!

எலும்பு வலி புதிதாக ஓட்டுகிற எல்லோருக்கும் வருவதுதான். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், 20 நிமிஷம் ஓட்டினால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு பழகிவிடும். நடுநடுவே பெடலில் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். குண்டு குழி வந்தால் கட்டாயம் எழுந்துவிட வேண்டும்.

சாம்பியனையே இறக்கிய கட்டி!

உரசல் புண்ணும் கட்டியும் வேறு விவகாரம். இவற்றை வீரமாகத் தாங்கிக்கொள்வது முட்டாள்தனம்.

1987-ல் ஸ்பெயின் நாட்டுச் சைக்கிள் பந்தயத்தில் முதல் இடத்தில் இருந்தவர் அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி. பந்தயம் முடியச் சில நாட்களே பாக்கி. உட்காரும் இடத்தில் வந்த கட்டியால் இறங்கிப் போனார்!

1989-ல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயம். லோரான் பிஞோன் அதே மாதிரிப் புண்ணோடு கடைசி நாள் ஓட்டினார். அன்று காலை 50 வினாடி முன்னால் இருந்தவர், 8 வினாடியில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டிடம் தோற்றார்.

உலக வீரர்களுக்கே இந்தக் கதி. நம் ஊர் வேர்வையில், தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மிதிப்பவர்களுக்கு வராதா? வந்தால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஈரத் துணியோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. இறங்கியதும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உலர்ந்த துணி மாற்ற வேண்டும். உரசும் இடத்தில் வாசலின் தடவலாம். சைக்கிளுக்கென்று விற்கும் பட்டை வைத்த கால்சட்டையைத் தினமும் துவைத்துப் போட வேண்டும். உள்ளே ஜட்டி வேண்டாம். புண் ஆறும் வரை சைக்கிளைத் தொடவே கூடாது.

கட்டியைப் பிதுக்கக் கூடாது. சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மரத்துப்போனது இறங்கிய பிறகும் சரியாகாவிட்டால் அதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரைக்காகச் சைக்கிள் வாங்கிய மனிதர், வெட்கத்தால் கட்டியை மறைத்து, கடைசியில் ஆபரேஷன் மேஜையில் படுப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

பள்ளிக்கூடத்திலும் இதே கதை!

பிளஸ்-1 பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2005-06-ல் எல்லாப் பிரிவினருக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்பின் லட்சக்கணக்கான பிள்ளைகள் சைக்கிள் வாங்கினார்கள். நல்ல காரியம். குறை சொல்வதற்கு இல்லை.

ஆனால் வளர்ந்த பையனுக்கும் குள்ளமான பெண்ணுக்கும் சீட்டு ஒரே உயரத்தில் இருந்தால்? மேடை போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். சீட்டு உயரத்தைச் சரிபார்க்க ஒரு ஆள் நிற்க வேண்டாமா? வலித்தால் அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்லும்? அம்மாவிடம் சொல்லவே கூச்சப்படும்!

மாநகராட்சிக்கும் இதில் பங்கு உண்டு. நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று 2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையே கொண்டுவந்தது. போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்கு என்று அதில் சொன்னது. அதைப் படித்துவிட்டு, தோண்டி அரைகுறையாக மூடிய தெருவில் சைக்கிளில் போனால், முதுகெலும்பு பதில் சொல்லும்!

ரோட்டில் பயம் இல்லாவிட்டால் சீட்டு தானாக மேலே ஏறும்.

பெரம்பூர் கடைக்காரர் கவரை விற்றிருந்தால் காசு பார்த்திருக்கலாம். அவர் ஸ்பேனரை எடுத்தார். இரண்டு நிமிஷத்தில் சீட்டு உயர்ந்தது. "ரெண்டு நாள் சும்மா இரு. அப்புறம் ஓட்டு" என்றார். காசு வாங்கவில்லை.

சைக்கிள் விற்கும் பெரிய கடைகள், ஆளை உட்காரவைத்து அளவு பார்த்து அனுப்புமா? பள்ளிக்கூடங்கள் சைக்கிள் கொடுக்கும் நாளில் ஒரு ரிப்பேர்காரரை நிறுத்துமா? மாநகராட்சி தன் கொள்கையைத் தானே ஒருமுறை படித்துப் பார்க்குமா?

கவனிப்பார்களா?