கைவிடப்பட்ட வண்டிகள்

கோவை மாநகரின் குறுந்தெருக்களில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணாதிரார். சக்கரங்களில் காற்றிறங்கிய மோட்டார் வண்டியொன்று, பல திங்களாகச் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும். கண்ணாடி உடைந்திருக்கும், கூரைமேல் வேப்பஞ்சருகு மக்கிக் கிடக்கும். உடையவரை வினவினால், "என் வண்டி, என் வீட்டு வாயில், பிறர்க்கு என்ன?" என்பார்.

வாயில் அவருடையதுதான், தெரு அவருடையதன்று. பள்ளிக்குச் செல்லும் சிறுவன் அவ்வண்டியை விலகிச் சாலையின் நடுவே நடக்க நேர்கிறது. தீயணைப்பு வண்டி வந்தால் திரும்ப இடமில்லை. மழைநீர் தேங்கிய பழைய டயரிலே ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் அம்முட்டைகள் டெங்குக் காய்ச்சலைப் பரப்பவல்ல கொசுக்களாகிப் பறக்கின்றன. இவை பிறர்க்கு நேரும் துன்பங்கள் அல்லவா?

சட்டம் இதனைக் கருதாமல் இல்லை. பொதுவிடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று விடப்பட்ட வண்டியை அகற்றுமாறு, சீருடையணிந்த காவல் அலுவலர் ஆணையிடலாம் என்று 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 127 ஆம் பிரிவில் கூறுகிறது. இழுத்துச் செல்லும் செலவும் உடையவரையே சாரும். வண்டி இனி ஒருபோதும் பயன்படாதெனின், 14 நாட்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், அதனைப் பதிவு அலுவலர்க்கு அவர் அறிவித்தல் வேண்டும் என்பது 55 ஆம் பிரிவு.

விதி இருந்தும் வண்டிகள் நின்ற இடத்திலேயே நிற்பானேன்? 2022 அக்டோபர் 23 அன்று உக்கடம் பகுதியில் கார் ஒன்று வெடித்தது. அதன் பின்னர், தெருக்களில் உரிமை கோருவாரின்றி நின்ற வண்டிகளை நகரக் காவல்துறையினர் தேடிக் கணக்கெடுக்கலாயினர். நற்செயலே; எனினும், அச்சம் பிறந்த பின்னர்தானா கடமை நினைவுக்கு வருதல் வேண்டும்? காவல் நிலைய வளாகங்களிலும் வழக்கிற் பிடிபட்ட வண்டிகள் ஆண்டுக்கணக்கில் துருவேறுவதுண்டு. அவற்றை நெடுங்காலம் அங்கே தேக்கி வைப்பதால் பயனில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. பிறர் வாயிலைத் தூய்மை செய்யப் புகுவோர் தம் வாயிலையும் நோக்குதல் நன்று.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. பொறி பழுதாகி, சீர்செய்யப் பொருளின்றித் தன் ஆட்டோவைத் தெருவில் நிறுத்தியிருக்கும் ஏழை, அதனைக் கைவிட்டவன் அல்லன். ஆதலின் முதலில் வண்டியின் மீது அறிவிப்பு ஒட்டித் தவணை தருதல் முறை. செல்வர்க்கு இச்சலுகை மிகுதியாக வேண்டுவதில்லை. விலை ஏறட்டும் என்று அவர் காத்திருக்கிறார் போலும். துரு ஏற ஏற விலை இறங்குவதை அவர் அறியார்.

பழைய வண்டிகளை முறையாகப் பிரிக்கும் நிலையங்களுக்கென 2021 ஆம் ஆண்டில் நடுவண் அரசு விதிகள் வகுத்துள்ளது. கோவையோ வார்ப்படச்சாலைகள் மலிந்த ஊர். பழைய இரும்பு இங்கே உலையில் உருகி, கிணற்று நீர் இறைக்கும் பம்புகளாக உருப்பெறுகிறது. தெருவோரம் மக்கும் வண்டிக்கும் அவ்வுலைக்கும் இடையே உள்ள தொலைவு சில கல்தான்.