திரை இருண்டால் இயந்திரம் மாண்டதா?

பெரியகல்லாற்றிலே, நமது அயல்வீட்டு மாணவன் ஒருவன் சென்ற மாதம் வாடிய முகத்தோடு நம்மிடம் வந்தான். அவன் தகப்பனார் கட்டாரில் உழைத்த பணத்தில் வாங்கிய பழைய மேசைக் கணினியே காரணம். அதிலிருந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியோ அதற்கு இல்லை. ஆகவே, பாடநூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என்று கூறும் அடிப்படை மென்பொருள்களுள் விலையின்றிக் கிடைக்கும் உபுண்டு லினக்ஸை நிறுவ முனைந்தான். முதற் பட்டியல் தெரிந்தது. தெரிவு செய்து விசையை அழுத்தினான். திரை இருண்டது, மீண்டும் மீண்டும் இருண்டது.

கடைக்காரர் ஒருவர், வன்தட்டு கெட்டுவிட்டது, முழுவதையும் அழித்தாலன்றி வழியில்லை என்றாராம். அத்தட்டிலேதான் காலஞ்சென்ற அம்மம்மாவின் படங்கள் அனைத்தும் இருந்தன. “அம்மம்மாட படமெல்லாம் போயிட்டுதா மகன்?” என்று தாயார் கேட்டபோது பையனிடம் விடையில்லை.

நாம் அவனிடம் கேட்டது, திரை எப்போது இருண்டது என்பதைத்தான். கணினியை இயக்கியதும் உற்பத்தியாளரின் சின்னமே தோன்றாவிடின் குற்றம் வன்பொருளில் இருக்கலாம். கடற்காற்று வீசும் நம்மூரில் நினைவகத் துண்டின் செப்புக் காற்களில் அழுக்கேறுவதுண்டு. மின்னிணைப்பை நீக்கி, அழிறப்பரால் மெல்லத் தேய்த்தாலே சில பெட்டிகள் உயிர்பெறும். திரைக் கம்பியைத் தவறான துளையிற் செருகிவிட்டு அழுதவர்களையும் நாம் அறிவோம்.

சின்னமும் பட்டியலும் தோன்றிய பின்னர் இருண்டால் கதை வேறு. விசைப்பலகையில் ‘கப்ஸ் லொக்’ விசையை அழுத்திப் பாருங்கள். அதன் சிறுவிளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தால் கணினி விழித்திருக்கிறது. முகத்தைக் காட்டத்தான் தெரியவில்லை. பையனின் வீட்டில் விளக்கு எரிந்தது.

இதற்குக் காரணம் உண்டு. திரையின் அகல உயரங்களை வகுக்கும் வேலையை லினக்ஸில் முன்பு தனியொரு காட்சி நிரல் செய்துவந்தது. 2009இல் வெளிவந்த 2.6.29ஆம் பதிப்பிலிருந்து ‘கேர்னல்’ எனப்படும் உட்கருவே அவ்வேலையைக் கையேற்கத் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் காட்சி அட்டைக்குரிய ‘செலுத்தி’ மென்பொருள் அந்த அட்டையோடு ஒத்துப்போகாதவிடத்து, திரை இருளிலே நின்றுவிடும்.

அப்போது செய்யவேண்டியது இது. பட்டியலில் முதல் வரியின்மீது நின்று ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்துக. ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியில் ‘குவைட்’, ‘ஸ்பிளாஷ்’ ஆகிய சொற்கள் காணப்படும். அவற்றின்பின் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று எழுதுக. நோ, மோட், செட் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களைச் சிறிய எழுத்தில் ஒட்டி எழுதுவதுதான் அது. பின்னர் ‘எஃப் 10’ விசை. உட்கரு தன் திறமையைக் காட்டாது, கணினி இயங்கத் தொடங்கும்போதே அமைந்திருந்த எளிய காட்சியோடு அமைதி கொள்ளும். பட்டியலில் ‘சேஃப் கிராபிக்ஸ்’ என்றொரு வரி இருப்பின் அதைத் தெரிந்தாலே போதும். எழுத்து வேலை மிச்சம்.

திரை ஒளிர்ந்தது. நிறுவலுக்கு நாம் விரையவில்லை. ‘முயன்று பார்’ என்ற வழியில் நுழைந்தால் வன்தட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை. இருண்ட திரையோடு போராடிய நாட்களிலும் எதுவும் அழிந்திருக்கவில்லை. படங்கள் அனைத்தையும் முதலில் வெளித்தட்டு ஒன்றிற் படியெடுத்தோம். அதன்பின்னரே, ‘முழுவதும் அழி’ என்பதை விலக்கி, விண்டோஸின் அருகில் நிறுவும் வழியைத் தெரிந்தோம்.

நிறுவி முடிந்து முதன்முறை இயக்கியபோது திரை மறுபடியும் இருண்டது. பையன் திடுக்கிட்டான். பட்டியலில் எழுதும் சொல் அந்த ஒரு தடவைக்கே செல்லும் என்பதை நாம் சொல்ல மறந்திருந்தோம்! மீண்டும் எழுதி உள்ளே சென்று, அட்டைக்கேற்ற செலுத்தியை இணையத்திலிருந்து இறக்கியபின் அச்சொல் வேண்டியிருக்கவில்லை. அது ஊன்றுகோல்தான், அதோடு நிரந்தரமாக நடப்போர்க்குக் காணொளிகூடத் தயங்கித் தயங்கியே ஓடும்.

எளிய காட்சியில் அம்மம்மாவின் முகம் பக்கவாட்டில் சற்றுப் பருத்துத் தெரிந்திருந்தது. செலுத்தி வந்தபின் பழைய மெலிந்த முகமே தோன்றிற்று. தாயார் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, முதற் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார்.