பாரில் ஒரு கிளாஸ், ஊரில் ஒரு கிளாஸ்

மதுக்கடையை ஒட்டிய பார் ஒன்றில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்த அண்ணன் ஒருவரை அண்மையில் சந்தித்தோம். இப்போது ஊரோடு வந்து ஆடு வளர்க்கிறார். பார் வாழ்க்கை எப்படி என்று கேட்டோம். குடிக்க வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. கூட வேலை பார்த்தவர்களைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினார்.

ஆம்லெட் போடும் மாஸ்டர், மேசை துடைக்கும் இரண்டு பையன்கள், பின்கட்டில் வெங்காயம் உரித்துத் தட்டுக் கழுவும் ஓர் அம்மா, இவர். பையன்களில் ஒருவன் கல்லூரிக் கட்டணத்துக்காக விடுமுறையில் வந்தவன். இரவு பத்து மணிக்குக் கடை அடைத்த பிறகு கூட்டிக் கழுவி முடிக்கப் பன்னிரண்டாகும். மிஞ்சிய முட்டையை மாஸ்டர் குழம்பில் போடுவார். ஐந்து பேரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிறகு மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஆண்கள் அங்கேயே படுத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் அண்ணனின் ஊர்க்காரர் ஒருவர் குடிக்க வந்தார். போகிற போக்கில், "இவன் எங்க ஊர்க் காலனிப் பையனாச்சே" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு மாஸ்டர் எதுவும் பேசவில்லை. தன் சோற்றைத் தனித் தட்டில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கல்லூரிப் பையன் மட்டும் நகர்ந்து வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

தட்டுக் கழுவிய அந்த அம்மா வேலையை விட்டுப் போகும் நாளில்தான் வாய் திறந்திருக்கிறார். அவரும் சேரியிலிருந்து வந்தவர். "நாலு வருஷம் பக்கத்துல பக்கத்துல நின்னோம். ரெண்டு பேரும் பயந்துகிட்டே இருந்திருக்கோம்" என்று அண்ணன் சொன்னபோது நமக்குப் பேச்சு வரவில்லை.

அந்த ஊர்க்காரர் பாரில் அண்ணன் கையால் தண்ணீரும் சுண்டலும் வாங்கிச் சாப்பிட்டவர்தான். அதே ஆளுக்கு ஊர் டீக்கடையில் கண்ணாடி கிளாஸ். அண்ணனுக்கோ பேப்பர் கப். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்போர் அந்தக் கப்பையும் பார்க்க வேண்டும்.

உணவகப் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரி 1957இல் திருவல்லிக்கேணியில் பெரியார் போராட்டம் நடத்தினார். பலகையில் இருந்த சொல் போயிற்று. "ஊருக்குள்ளயா, காலனியா?" என்ற பின்கட்டுக் கேள்வி இன்னும் போகவில்லை.

சட்டத்துக்குக் குறைவில்லை. அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பொது உணவகங்களில் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தீண்டாமை காட்டித் தடுப்பதை 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியது. உணவகத் தொழிலாளரின் வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றுக்கென 1958லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. ஆனால் அந்தப் பாரில் வருகைப் பதிவேட்டைக்கூட அண்ணன் கண்டதில்லை. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசே நடத்துகிறது. பாரை ஒப்பந்தத்தில் தனியாருக்கு விடுகிறது. ஒப்பந்தத் தொகையைக் கணக்குப் பார்த்து வாங்கும் அரசு, அங்கே வேலை செய்வோரையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

குடியை நாம் ஆதரிக்கவில்லை. அது நம் தெருக்களில் எத்தனை தாலிகளை அறுத்தது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அங்கே உழைப்பவருக்கும் மானம் உண்டு. பார், உணவகம் எதுவானாலும் பணி அடையாள அட்டையும் குறைந்தபட்சக் கூலியும் வேண்டும். தொழிலாளர் துறை பின்கட்டுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். டீக்கடைகளில் எல்லோருக்கும் ஒரே குவளை என்பதை மாவட்ட நிர்வாகம் உறுதி செய்ய வேண்டும்.

விடுமுறையில் உணவக வேலைக்குப் போகும் மாணவத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களோடு வேலை செய்பவரிடம் ஊரைக் கேளுங்கள், தெருவைக் கேட்காதீர்கள். யாராவது தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனால், நீங்கள் நகர்ந்து பக்கத்தில் உட்காருங்கள். பதினொரு ஆண்டு பார் வாழ்க்கையில் அண்ணன் பெயர் மறக்காமல் சொன்னது அந்தக் கல்லூரிப் பையனைத்தான்.