ஒலிப்பெட்டியின் சாவி யாரிடம்?

மும்பையின் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கும் தாராவிக்கும் இடையே ஓடுவது மித்தி ஆறு ஒன்றுதான். ஒரு கரையில், 2022-இல் திறக்கப்பட்ட ஜியோ வேர்ல்டு கன்வென்ஷன் சென்டர். அண்மை ஆண்டுகளில் 'ஸ்மார்ட் ஹோம் எக்ஸ்போ' என்னும் வணிகக் கண்காட்சி அங்கே நடந்திருக்கிறது. சொன்னால் கேட்கும் ஸ்பீக்கர், அறையின் எதிரொலியை அளந்து தானே ஒலியைத் திருத்திக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர், கம்பியே இல்லாமல் வீடு முழுவதும் ஒரே பாட்டைப் பரப்பும் பெட்டி என்று, கணினியை வயிற்றில் சுமந்த ஒலிக்கருவிகளே இத்தகைய கண்காட்சிகளின் நாயகர்கள். மறுகரையில் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டு. மாநகரம் தூக்கியெறிந்த பிளாஸ்டிக்கும் தகரமும் மின்கழிவும் அங்கே பிரித்து எடை போடப்படுகின்றன.

கண்காட்சிக்குப் பொருளின் பிறப்பு மட்டுமே தெரியும். காம்பவுண்டுக்கு அதன் சாவு மட்டுமே தெரியும். இடைப்பட்ட ஆயுளைத் தீர்மானிக்கும் அதிகாரம், காசு கொடுத்து வாங்கியவரின் கையைவிட்டுச் சத்தமின்றிப் போய்விட்டது. அதைப் பற்றி இரு கரைகளிலும் பேச்சில்லை, பல்கலைக்கழகங்களிலும் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஒலிக்கருவிக்குள் கணினி நுழைந்தது குற்றமன்று. 2001-இல் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் வீட்டுக் கணினியில் இருக்கும் பாடல்களை வலையமைப்பு வழியே ஒலிக்கருவிக்குக் கொண்டுவரும் ஒரு பெட்டியைச் செய்தது. அதன் வழிவந்ததே ஸ்க்வீஸ்பாக்ஸ். 2006-இல் அந்நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது. 2012-இல் அந்த வரிசையையே கைவிட்டது. கதை அத்தோடு முடியவில்லை. பெட்டிகளை இயக்கும் சர்வர் மென்பொருளின் மூலநிரல் திறந்த நிலையில் இருந்தது. பயனர்கள் அதை எடுத்துத் தொடர்ந்து பராமரித்தார்கள். இன்று 'லிரியன்' என்ற பெயரில் அது வாழ்கிறது. லாஜிடெக் தன் இணையச் சேவையை 2024-இல் மூடிய பின்னரும் அந்தப் பழைய பெட்டிகள் பாடுகின்றன. தயாரித்தவர் கைகழுவினாலும் கருவி அனாதையாக வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி எதிர்ப்பக்கம். சோனோஸ் நிறுவனம் பழைய கருவி வைத்திருப்போருக்குப் புதியதில் 30 விழுக்காடு தள்ளுபடி தந்தது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: பழைய கருவியை 'ரீசைக்கிள் மோட்' என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். மாற்றிய 21 நாளில் அது நிரந்தரமாகச் செயலிழக்கும். காயில் எரியவில்லை, கூம்பு கிழியவில்லை, கப்பாசிட்டர் வீங்கவில்லை. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த கருவி ஒரு கட்டளையில் செத்தது. 2019-இன் இறுதியில் இது வெளியே தெரிந்து கண்டனம் எழவே, 2020 மார்ச்சில் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. போஸ் நிறுவனம் 2013-இல் தொடங்கிய சவுண்ட்டச் வரிசைக்கான மேகச் சேவையை நிறுத்தப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. ப்ளூடூத்தும் கம்பி இணைப்பும் தொடரும், பல அறைகளில் ஒருசேர ஒலிக்கும் வசதி போய்விடும் என்பது அறிவிப்பின் சாரம். எதிர்ப்புக்குப் பிறகே கெடு தள்ளிவைக்கப்பட்டது. இடைமுக ஆவணங்களும் பொதுவில் வந்தன. 2025 மார்ச்சில் கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ கருவிகள் உலகெங்கும் ஒரே சமயத்தில் முடங்கின. காரணம், அவற்றுக்குள் இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானது. நிறுவனம் சில நாளில் சரிசெய்தது. சரிசெய்ய அந்த நிறுவனத்தைத் தவிர வேறு எவராலும் இயலாது என்பதும் அப்போது தெரிந்தது.

இம்மூன்றையும் தற்செயலான தவறுகள் என்று ஒதுக்க முடியாது. எதிலும் வன்பொருள் கெடவில்லை. மூன்றிலும் கருவியின் உயிர் வீட்டுக்கு வெளியே, உரிமையாளர் தொட முடியாத ஓரிடத்தில் இருந்தது. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதை தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதில் உயிர் அரக்கனுடையது, ஒளித்தவனும் அரக்கனே. இங்கே பெட்டி ஒருவருடையது; கிளி இன்னொருவர் கூண்டில்.

இதன் விலையைக் கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். மும்பையின் லேமிங்டன் ரோடு அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பேர்போன இடம். 2என்3055 டிரான்சிஸ்டர், டிடிஏ2030 ஐசி, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு பெரிய கப்பாசிட்டர் ஆகியவற்றைக் கொண்டு கட்டப்பட்ட அத்தகைய பெட்டிகள் தாராவியின் சால்களிலும் மாட்டுங்காவின் அடுக்கங்களிலும் பாடியவை. ஒன்று எரிந்தால் அந்த ஒன்றை மாற்றினால் போதும். ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்தால் புதுக்கூம்பு ஒட்டுவார்கள்; வாய்ஸ் காயிலைச் சுற்றித் தருவார்கள். இதைச் செய்த மெக்கானிக்கிடம் பட்டம் இல்லை, படிப்பு இருந்தது. சர்க்யூட்டைப் பார்த்தே மின்சாரம் போகும் பாதையைச் சொல்லும் படிப்பு அது.

இன்றைய பெட்டியைத் திறப்பதே பாடு. திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் பசை. 2018-இல் ஆப்பிளின் ஹோம்பாடைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட், பழுதுநீக்க எளிமைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தது. பசையை வெப்பக்காற்றால் இளக்கிவிடலாம். நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத நிரலை ஏற்க மறுக்கும் சிப்பை எந்தக் காற்று இளக்கும்? அங்கே மெக்கானிக்கின் கை நின்றுவிடுகிறது. பெட்டி அவருடைய மேசையிலிருந்து பங்கார்க்காரரின் தராசுக்குப் போகிறது.

தராசுக்குப் போவதன் பொருளை ஆய்வாளர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பழுதுநீக்குபவர் தம் அறிவுக்குக் கூலி பெறுகிறார். உடைத்துப் பிரிப்பவர் எடைக்குக் கூலி பெறுகிறார். முன்னவருக்குப் பொருள் முழுதாக இருப்பதே ஆதாயம். பின்னவருக்கு அது சிதைந்தால்தான் ஆதாயம். பூட்டிய ஒவ்வொரு நிரலும் ஒரு தொழிலாளியை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்குத் தள்ளுகிறது. கூலி குறைகிறது, கூடவே செப்புக்காக எரிக்கும் ஒயரின் புகை சேர்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்து தாராவியைக் கட்டிய தலைமுறைகளின் பேரப்பிள்ளைகளுக்கு, பதனிடும் தொட்டியிலிருந்து மீள ஒரு படிக்கட்டாக இருக்கக்கூடிய தொழில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ். அந்தப் படிக்கட்டைத்தான் 'ஸ்மார்ட்' என்ற சொல் உருவிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது கேட்பவரின் இழப்பு. மாட்டுங்காவை ஒட்டிய சண்முகானந்த சபா 1952-இல் தொடங்கியது. செம்பூருக்கு அதன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி உண்டு. இவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் இசைக் கேள்வி, ராகம், கீர்த்தனை, இயற்றியவர், பாடியவர், பக்கவாத்தியம் என்று பல சரடுகளால் பின்னியது. கண்காட்சிக் கருவியின் உள்ளிருக்கும் அட்டவணையோ கலைஞர், ஆல்பம், பாட்டு என்ற மூன்று பெட்டிகளோடு நிற்கிறது. ஒரே கீர்த்தனையை முப்பது பேர் பாடியிருந்தால் அதற்கு அவை முப்பது வெவ்வேறு பாட்டுகள். வயலின் வாசித்தவரின் பெயர் எங்கோ தொலைந்துபோகும். தோடியின் ஆலாபனை மட்டும் வேண்டும் என்றால் அந்த வேண்டுகோளை இட்டுவைக்க அதனிடம் ஓர் இடமே இல்லை. மொழியும் அப்படித்தான். அமேசானின் அலெக்சா இந்தியாவுக்கு 2017-இல் வந்தபோது ஆங்கிலம் பேசியது. 2019-இல் இந்தி கற்றது. தமிழ் அந்த வரிசையில் இன்னும் சேரவில்லை. வீட்டுக்குள் தமிழ் பேசும் ஒரு பாட்டி, தாம் கேட்டு வளர்ந்த பாட்டைக் கேட்க அயல்மொழியில் கட்டளையிட வேண்டியிருக்கிறது. திறந்த கருவியாக இருந்தால் ஒரு பொறியியல் மாணவி இந்த அட்டவணையைத் திருத்தியிருப்பாள். தமிழ்க் கட்டளைகளையும் சேர்த்திருப்பாள். பூட்டிய கருவியிடம் அவளுக்குக் கெஞ்சும் உரிமை மட்டுமே மிஞ்சுகிறது.

அரசு என்ன செய்கிறது? 2022-இன் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அட்டவணை 21 பொருள்களிலிருந்து 106 ஆக விரிந்தது நல்ல செய்தி. ஆனால் உற்பத்தியாளரின் பொறுப்பு எடையால் அளக்கப்படுகிறது. எவ்வளவு டன் சந்தைக்கு விட்டாய், எவ்வளவு மறுசுழற்சிக்குக் கணக்குக் காட்டினாய் என்பதே கேள்வி. எத்தனை ஆண்டு உழைக்கும் பொருளைச் செய்தாய் என்று எவரும் கேட்பதில்லை. புதுப்பித்தலுக்கும் அவ்விதிகளில் இடம் உண்டு. பூட்டிய நிரலைத் திறந்துவிடும் கடமை யாருக்கு என்பதற்கு விடை இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. சேவை மையத்தின் தொலைபேசி எண்ணைத் தருவது உரிமையாகிவிடாது.

எதிர்வாதங்களுக்கும் மறுமொழி வேண்டும். முதலாவது, பாதுகாப்பு: நிரலைத் திறந்துவிட்டால் திருடர் புகுவர் என்பார்கள். ஆதரவு நிறுத்தப்பட்ட பூட்டிய கருவிதான் உண்மையில் ஆபத்தானது. ஓட்டை இருப்பது தெரிந்தும் அதை அடைக்க எவருக்கும் அனுமதி இல்லை. இரண்டாவது, நுகர்வோர் வசதியைத்தானே விரும்புகிறார்கள் என்பது. விரும்பட்டும். வசதி எந்தத் தேதிவரை என்று சொல்லாமல் விற்பது அவர்கள் விருப்பத்தை மதிப்பதாகாது. மூன்றாவது, இது தாராவி ஏழ்மையைக் கவிதையாக்கும் பேச்சு என்பது. பதின்மூன்றாம் காம்பவுண்டின் புகையில் கவிதை ஏதும் இல்லை. அந்தப் புகைக்குள் போகும் பொருள்களைக் குறைப்பதற்கான வாதமே இது.

கல்விப்புலத்தின் மௌனத்துக்கு மட்டும் மறுமொழி கிடையாது. கேசட் பண்பாட்டைப் பற்றிப் பீட்டர் மானுவல் 1993-இல் எழுதியதை வகுப்புதோறும் படிக்கிறார்கள். மலிவான, எளிதில் பிரதியெடுக்கக்கூடிய ஒரு தொழில்நுட்பம் இசையை எப்படிப் பரவலாக்கியது என்று வியக்கிறார்கள். அந்தப் பரவலாக்கத்தைத் திருப்பிச் சுருட்டும் கருவி கருத்தரங்கக் கூடத்திலேயே மாட்டப்பட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. ஆவணக் காப்பகங்கள் அரிய ஒலிப்பதிவுகளை ஒரு நிறுவனத்தின் செயலி வழியே மட்டும் ஒலிக்கும் அமைப்பில் சேர்த்துவிட்டால், அந்நிறுவனம் கைவிடும் நாளில் ஆவணம் இருக்கும், கேட்க வழியிருக்காது.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. பிஸ்கட் பொட்டலத்திலும் மருந்து அட்டையிலும் தேதி அச்சிடும் நாடு இது. இணையத்தோடு இணையும் ஒவ்வொரு ஒலிக்கருவியின் பெட்டியிலும் விலைக்குப் பக்கத்தில் 'மென்பொருள் ஆதரவு இந்தத் தேதிவரை' என்ற ஒரு வரி வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் பாதுகாப்புப் புதுப்பிப்பின் குறைந்தபட்சக் காலத்தை அறிவிப்பது சட்டக் கடமை; அங்கே இயல்வது இங்கே இயலாததன்று. சர்வர் நின்றாலும் வீட்டு வலையமைப்புக்குள் கருவி முழுதாக இயங்க வேண்டும். ஆதரவை நிறுத்தும் நாளில் நிறுவனம் சாவியைப் பொதுவில் வைத்துவிட்டே போக வேண்டும். பல்கலைக்கழகங்களும் சபாக்களும் நூலகங்களும் இம்மூன்றுக்கும் எழுத்தில் உறுதி தராத எதையும் வாங்கக் கூடாது. கடைசிக் கோரிக்கைக்குப் பாராளுமன்றம் தேவையில்லை. ஒரு துறைத்தலைவரின் கையெழுத்தே போதும்.

சண்முகானந்த அரங்கு 1990-இல் தீயில் எரிந்தது. சபா அதை மீண்டும் கட்டி 1998-இல் திறந்தது. எட்டாண்டு ஆனாலும் கட்ட முடிந்ததற்குக் காரணம், நிலமும் இடிபாடும் முடிவெடுக்கும் உரிமையும் கேட்பவர்களிடமே இருந்ததுதான். நெருப்பில் வெந்த ஓர் அரங்கையே மீட்கத் தெரிந்த சமூகத்துக்கு, பழுதே ஆகாத ஒரு பெட்டியை மீட்க உரிமை இல்லை என்றால், அந்தப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியதாகச் சொல்வதில் என்ன பொருள்?